எல்கம்மா சொன்னதாகக் காசி சொன்னது

"இந்நற்சான்றினைப் பெறும் திரு. அ. காசி, த/பெ அருணகிரி, அடி அண்ணாமலை கிராமம், என்பவரை நான் கடந்த ஐந்து ஆண்டுகளாக நேரில் அறிவேன். இவர் ஆங்கில மொழியை ஐயந்திரிபறக் கற்றவர். ஒருவர் கூறும் கருத்தைக் கூட்டாமலும் குறைக்காமலும் மற்றவருக்கு விளங்கும்படி எடுத்துரைக்கும் ஆற்றல் வாய்ந்தவர். நம் நகருக்கு வருகை தரும் அயல்நாட்டு அன்பர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்ற எல்லா வகையிலும் தகுதியானவர்."

கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து. அதன்மேல் பாதி ஏறியும் பாதி ஏறாமலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப். ஆண்டு 1975.

கையெழுத்துப் போட்ட அதிகாரி திருவண்ணாமலைக்கு மாற்றலாகி வந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காசியை அவர் நேரில் அறிந்தது இந்தத் தாளை அவன் நீட்டியபோதுதான். அவரைக் குறை சொல்ல முடியாது. நற்சான்று என்பது நம் நாட்டில் அப்படித்தான் வழங்கப்படுகிறது, உண்மையிலேயே ஐந்து ஆண்டுகள் அறிந்தவர்கள் அதை வழங்கமாட்டார்கள். வாசகத்தை இட்டுக்கட்டியவர் தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட். 'ஐயந்திரிபற' என்றால் என்ன பொருள் என்று காசி அவரைக் கேட்கவில்லை. டைப்பிஸ்டுக்கும் தெரிந்திருக்காது என்பது வேறு விஷயம். கேட்கும் பழக்கம் காசிக்கு இல்லை.

ஒரு காலத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆறாவது படிக்கும்போது, "சராசரின்னா இன்னா சார்?" என்று எழுந்து கேட்டிருக்கிறான். கணக்கு வாத்தியார் புத்தகத்தில் இருந்ததைத் திரும்பச் சொன்னார். காசி மறுபடியும் கேட்டான். அவர் அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது பிரம்பை எடுத்தார். வாத்தியாருக்கும் அது தெரியாது என்பதைப் புரிந்துகொள்ளும் வயது காசிக்கு இல்லை. வகுப்பு முடிவில் அவர் "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. நம் பள்ளிகளில் இது கேள்வியும் அல்ல, பதிலும் அல்ல. மணி அடிப்பதற்கு முன் வருகிற ஒரு ஓசை. அன்று முதல் காசியும் அந்த ஓசையில் சேர்ந்துகொண்டான். எட்டாவதோடு படிப்பை விட்டான். ஓசையை விடவில்லை.

செங்கம் ரோட்டில் சாந்த் பாஷா என்பவர் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். காசி அங்கே வேலைக்குச் சேர்ந்தான். ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வரத்து ஜாஸ்தியானதும், பாஷா பாய் தன் கடைக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி வாடகைக்கு விட்டார். பஞ்சர் ஒட்டிய நேரம் போக மீதி நேரத்தில் காசி அந்த அறைகளின் வாசலில் நின்று ஆங்கிலம் கேட்டான். அவர்கள் பேசியதெல்லாம் ஆன்மாவைப் பற்றி, மௌனத்தைப் பற்றி, சரணாகதியைப் பற்றி. கேட்டதைச் சொல்லிப் பார்த்தான். நல்ல காது, நல்ல நாக்கு. ஜெர்மன்காரரிடம் கேட்ட வாக்கியம் ஜெர்மன்காரர் பேசுவதுபோலவும், ஆஸ்திரேலியாக்காரரிடம் கேட்டது ஆஸ்திரேலியாக்காரர் பேசுவதுபோலவும் வரும். ஒரே பேச்சில் நாலு தேசம் சுற்றி வருவான்.

இப்படி அவன் கற்ற ஆங்கிலத்தில் மாயைக்கு வார்த்தை இருந்தது, வாளிக்கு இல்லை. அருளுக்கு இருந்தது, அரிப்புக்கு இல்லை. பற்றறுத்தல் பற்றி அரைமணி நேரம் பேசுவான். சைக்கிள் டியூபுக்கு வால்வ் மாற்ற வேண்டும் என்று சொல்லத் தெரியாது. உடம்பு இல்லாத ஆங்கிலம் அது. தெரியாத வார்த்தை வந்தால் என்ன செய்வான் என்றால், மழைக்காலத்தில் செங்கம் ரோட்டில் நடப்பதுபோல நடப்பான். குட்டை வந்த இடத்தில் ஒரு தாண்டு. அந்தப் பக்கம் காலூன்றி மேலே நடை. நடை நிற்காததால் பார்ப்பவர்களுக்குக் குட்டை இருந்தது தெரியாது.

ஒரு பிரெஞ்சுக்காரர் அவனிடம் கொசுவலை கேட்டார். அந்த வார்த்தை காசியிடம் இல்லை. அவர் கைகளால் தலையைச் சுற்றித் திரைபோலக் காட்டியதை வைத்து, அவரை மலையடிவாரத்தில் இருந்த ஒரு சாமியாரிடம் அழைத்துப்போய், கண்ணை மறைக்கும் திரை எப்போது விலகும் என்று இவர் கேட்கிறார் என்றான். சாமியார் சொன்னார். பிரெஞ்சுக்காரர் ஒரு மாதம் கொசுக்கடியில் கிடந்து, தன் வாழ்க்கையிலேயே சிறந்த மாதம் அது என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போனார்.

இந்தத் தொழிலின் அழகு அதுதான். காசியின் மொழிபெயர்ப்பில் குறை சொன்னவர் ஒருவரும் இல்லை. குறை சொல்ல இரண்டு பாஷையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டும் தெரிந்தவருக்குக் காசி எதற்கு?

அவனைப் போக்கிரி என்று நினைத்துவிடக் கூடாது. பணத்தில் சுத்தமானவன். கடைக்காரர்களிடம் கமிஷன் வாங்கியதில்லை. வெயிலில் மயங்கி விழுந்த ஒரு வெள்ளைக்காரரை மலைமேலிருந்து தன் முதுகில் சுமந்து இறக்கியிருக்கிறான், அந்த ஆள் அவனைப்போல ஒன்றரைப் பங்கு கனம். கெட்டவனாக இருந்திருந்தால் ஊர் எச்சரிக்கையாக இருந்திருக்கும். அவன் நல்லவன். அதனால்தான் சந்திரம்மாள் அவனிடம் போனாள்.

சந்திரம்மாள் அடி அண்ணாமலைக்காரி, காசிக்கு ஒரு வகையில் அக்கா முறை. புருஷன் இல்லை, ஒரே பெண், ஆதிலட்சுமி. சாந்த் பாஷாவின் அறைகளில் பெரியதில் குடியிருந்த டென்மார்க் தேசத்து அம்மாளுக்குச் சமைத்துப்போட்டு, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துக் கொடுத்தாள். அந்த அம்மாளின் பெயர் ஹெல்கா. நம் ஆட்கள் வாயில் எல்கம்மா. தன் ஊரில் நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் கற்க ஆசைப்பட்டு, அமைதி, அருள், அன்பு, ஆனந்தம் என்று அகர வரிசையில் ஆரம்பித்தார். வலி, சீழ், பஞ்சு முதலிய சொற்களுக்கு வருவதற்குள் நின்றுபோனார். காசியின் ஆங்கிலமும் எல்கம்மாவின் தமிழும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

1977இல் மழைக்காலம் முடிந்த சமயம். சந்திரம்மாள் பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, சைக்கிள் கடைப் பக்கம் வந்தாள்.

"காசி, எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். எல்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுக்கா. இன்னா விசயம்?"

"பாப்பாவுக்கு ரெண்டு காதும் சீ வடியுது. மழையில புடிச்சுது, இன்னும் நிக்கல. நம்ம ஊரு ஆஸ்பத்திரில சொட்டு மருந்து குடுத்தாங்க. போட்டா கொஞ்சம் கம்மியாவுது, உட்டா திரும்ப வருது. எந்நேரமும் இரைச்சலா கீதுன்னுது. பின்னாலேர்ந்து கூப்டா திரும்ப மாட்டேங்குது. டாக்டரு பாத்துட்டு, வேலூர் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுனு போ, லேட் பண்ணா காது போயிடும்னாரு."

"போவ வேண்டியதுதானே."

"போயி? அங்க யார்கிட்ட இன்னா கேக்கறதுன்னு எனக்குத் தெரியுமா? சீட்டு குடுப்பாங்க, மாடிக்குப் போம்பாங்க, இங்கிலீசுல இன்னாவோ கேப்பாங்க. எங்க நாத்தனா போயி மூணு நாளு ஆஸ்பத்திரி வராண்டாவுல குந்தினு திரும்பி வந்துட்டா. எல்கம்மா ஒருவாட்டி கூட வந்தா போதும். பஸ்ஸுக்கு நான் வச்சுருக்கேன்னு சொல்லு."

"அவ்ளோதானே. வா."

எல்கம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சந்திரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கதவோரம் நின்றாள். காசி ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் திருப்பினால் இப்படி வரும்: "அம்மா, இவள் மகளின் காதுகள். வெளியே இருக்கும் ஓசை அவளுக்கு வருவதில்லை. உள்ளே ஒரு ஓசை எப்போதும் இருக்கிறது. அழைத்தால் அவள் திரும்புவதில்லை."

சீழ், வடிதல், சொட்டு மருந்து என்று நாலைந்து குட்டைகள். தாண்டிவிட்டான். அடுத்தது வேலூர். ஆஸ்பத்திரிக்கு ஆங்கிலத்தில் வார்த்தை அவனுக்குத் தெரியும். அதைச் சொல்ல மூச்சு இழுத்தான். அதற்குள் எல்கம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டார். அவர் கண்களில் நீர். எந்த ஓசையைக் கேட்பதற்காகக் கடல் கடந்து வந்து கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரோ, அது பாத்திரம் தேய்க்கிறவளின் மகளுக்குத் தானாக வந்திருக்கிறது. எழுந்து வந்து எச்சில் கையோடு சந்திரம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்தக் குழந்தையை நான் தினமும் பார்க்க வேண்டும், என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றார்.

இந்த இடத்தில் காசி ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். 'அம்மா, நான் சரியாகச் சொல்லவில்லை.' அந்த ஆங்கிலம் அவனுக்குத் தெரியும். அதில் ஒரு கடினமான சொல்கூட இல்லை.

"இன்னா சொல்றாங்க?" என்றாள் சந்திரம்மாள்.

"பாப்பாவை டெய்லி சாயங்காலம் இட்டாரச் சொல்றாங்க. பக்கத்துல உக்கார வைக்கணுமாம்."

"எதுக்கு?"

"அவங்களே பாத்துக்கறாங்களாம்."

"அப்ப வேலூரு?"

"அது அப்புறம்கா. மொதல்ல இவங்க பாக்கட்டும். எவ்ளோ படிச்சவங்க."

சந்திரம்மாள் எல்கம்மாவின் கண்ணீரைப் பார்த்தாள். தன் பிள்ளைக்காக இப்படி அழுகிற ஒருத்தியைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்கும் தோன்றாது.

மறுநாளிலிருந்து ஆதிலட்சுமி தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்து எல்கம்மாவின் பாயில் உட்கார்ந்தாள். ஏழு வயது. கண்ணை மூடு என்று ஜாடை காட்டினால் மூடுவாள். வெளியே லாரி போகும், நாய் குரைக்கும், பாய் யாரையாவது உருதுவில் வைவார்; குழந்தையின் இமை அசையாது. எல்கம்மாவுக்கு ஒவ்வொரு சத்தத்துக்கும் இமை அசைந்தது. அவருக்குத் தன்மேல் வெட்கமாகவும் குழந்தைமேல் பக்தியாகவும் இருந்தது.

பிறகு பக்கத்து அறைக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் குழந்தையின் முன்னால் பூ வைத்தார். ஒருவர் போட்டோ எடுத்தார். இத்தாலியிலிருந்து வந்த ஒரு தம்பதி வெறுமனே எதிரில் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வாசலில் நின்று பார்த்த சந்திரம்மாளுக்கு, இத்தனை பெரிய மனுஷர்கள் வந்து தன் பெண்ணைப் பார்ப்பது மருத்துவம் பலமாக நடப்பதற்கு அடையாளமாகத் தெரிந்தது. பெரிய டாக்டர் வார்டுக்கு வந்தால் பின்னால் பத்துப் பேர் வருவதை அவள் பார்த்திருக்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் கண்டுபிடித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். அங்கே நாற்பது பிள்ளைகள் ஒரே சமயத்தில் வாயைத் திறந்து "புரிஞ்சுது சார்" என்பார்கள். ஆதிலட்சுமி பக்கத்து வாய்களைப் பார்த்துத் தன் வாயையும் திறந்தாள். அது போதும். காது கேட்காத ஒரு குழந்தை காது கேட்கிற முப்பத்தொன்பது குழந்தைகளிலிருந்து எந்த விதத்திலும் வேறுபடாத வகுப்பு அது. சத்தம் போடுவதில்லை, எதிர்க்கேள்வி கேட்பதில்லை. நல்ல பிள்ளை என்று வாத்தியார் சொன்னார்.

அடுத்த வருஷம் சந்திரம்மாள் மறுபடியும் காசியைப் பிடித்தாள்.

"இன்னும் எவ்ளோ நாளைக்கு உக்காரணும்னு கேளு. முன்னவிட கம்மியாத்தான் கேக்குது. எனக்கென்னவோ வேலூரு போயிட்டு வந்துடலாம்னு தோணுது. ஆஸ்பத்திரின்னு தெளிவா சொல்லு காசி."

காசி இந்தத் தடவை சொன்னான். தெளிவாகவே சொன்னான்: தாய் ஆஸ்பத்திரியைப் பற்றி நினைக்கிறாள் என்று. சரியான வார்த்தை, சரியான உச்சரிப்பு. ஆனால் அது போய் விழுந்த இடத்தில் ஒரு வருஷமாக வேறொரு கதை வளர்ந்திருந்தது. எல்கம்மா பதறிப்போனார். வேண்டவே வேண்டாம்; இந்தக் குழந்தை நோயாளி இல்லை, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு இது புரியாது, மருந்து கொடுத்து இதைக் கெடுத்துவிடுவார்கள் என்றார். இரைச்சல் எல்லாம் தானாக அடங்கும், அதுவரை உட்காரட்டும் என்றார். அவர் நினைத்தது வெளியுலகத்து இரைச்சலை.

"இன்னா?" என்றாள் சந்திரம்மாள்.

"ஆஸ்பத்திரி வேணாம்ன்றாங்க. மருந்து போட்டா கெட்டுடுமாம். இரைச்சல் தானா நின்னுடுமாம்."

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. காசி செய்த மொழிபெயர்ப்புகளிலேயே சுத்தமானது இதுதான். கூட்டவில்லை, குறைக்கவில்லை, நற்சான்றில் இருந்தபடியே இருந்தது. சந்திரம்மாள் வீட்டுக்குப் போய்ச் சொட்டு மருந்தை நிறுத்தினாள்.

1979இல் சாந்த் பாஷாவின் மகள் கைசர் ஜஹான் மாற்றலாகி ஊருக்கு வந்தாள். ஆம்பூர் பக்கம் பல வருஷம் டீச்சராக இருந்தவள், ஆங்கிலம் எடுப்பவள். வகுப்பில் யாராவது "புரிஞ்சுது டீச்சர்" என்றால், "எங்க, சொல்லு" என்பாள். அதனால் பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்காது. ஒரு சாயங்காலம், கிணற்று மோட்டார் ரிப்பேர், நாளைக்குத் தண்ணீர் வராது என்று குடியிருப்பவர்களுக்குச் சொல்லப் போனாள். எல்கம்மாவின் அறையில் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு சிறு பெண். புதிதாக வந்த ஒருவரிடம் எல்கம்மா தணிந்த குரலில் குழந்தையின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

கைசர் ஜஹான் முழுவதையும் நின்று கேட்டாள். பிறகு குழந்தையின் பின்னால் போய், "பாப்பா" என்றாள். "ஏ பாப்பா" என்றாள். கைதட்டினாள். வட்டத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திடுக்கிட்டார்கள், நடுவில் இருந்தது திடுக்கிடவில்லை. அவள் குனிந்தாள். நாற்றம். தலைமுடியை ஒதுக்கி, காதுக்குள் அடைத்திருந்த பஞ்சைச் சுண்டுவிரல் நகத்தால் இழுத்தாள். பச்சையும் மஞ்சளுமாக இருந்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டே, சந்திரம்மாளும் காசியும் நின்றிருந்த கதவோரம் திரும்பினாள். "இது யாரு கொழந்த?"

"என்துதான் டீச்சரம்மா," என்றாள் சந்திரம்மாள்.

"காதுல சீ புடிச்சி அழுகிக் கெடக்குது. ஆஸ்பத்திரிக்குப் போவாம இங்க உக்கார வச்சி இன்னா பண்றீங்க?"

"வைத்தியம் பாக்கறாங்களே. வேலூருக்குக் கூட வரச் சொல்லிக் கேட்டேன், அவங்களே பாத்துக்கறதா சொன்னாங்க. ரெண்டு வருசமா எல்கம்மாதான் பாக்கறாங்க."

"எல்கம்மா வைத்தியம் பாக்கறாங்களா? யார் சொன்னது?"

சந்திரம்மாள் காசியைப் பார்த்தாள். கைசர் ஜஹானும் பார்த்தாள். பிறகு எல்கம்மாவிடம் ஆங்கிலத்தில் பேசினாள். நாலு சிறிய வாக்கியங்கள். இந்தக் குழந்தைக்குக் காது நோய். செவிடாகிக்கொண்டிருக்கிறாள். இவள் தாய் இரண்டு வருஷமாக உங்களைக் கேட்டது, கூட வேலூருக்கு வாருங்கள் என்று. நீங்கள் குழந்தைக்கு மருத்துவம் செய்கிறீர்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எல்கம்மா அந்தப் பஞ்சைத் தன் உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். வட்டத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள்.

மறுநாள் காலை டாக்சி பிடித்து வேலூர் போனார்கள். எல்கம்மா, சந்திரம்மாள், குழந்தை, பேசுவதற்குக் கைசர் ஜஹான். காசியை யாரும் கூப்பிடவில்லை. அங்கே டாக்டர் இரண்டு காதையும் வெகுநேரம் பார்த்தார். இடது காதில் எலும்பு வரைக்கும் அரித்திருக்கிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் மூளைக்கு ஏறும், உயிருக்கு ஆபத்து என்றார். உயிரைக் காப்பாற்றலாம். கேட்கும் சக்தி திரும்பாது. வலது காதில் மிச்சம் இருப்பது, பக்கத்தில் நின்று கத்தினால் ஏதோ சத்தம் என்று தெரியும் அளவு. முதல் வருஷமே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நிறுத்தியதையும் கைசர் ஜஹான் மொழிபெயர்த்தாள்.

ஆபரேஷன் நடந்தது. செலவெல்லாம் எல்கம்மா. ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அவர் சந்திரம்மாளை உட்கார வைத்து, எதிரில் தரையில் உட்கார்ந்து, நிறையப் பேசினார். எனக்கு முட்டாள்தனமாக ஒரு ஆசை இருந்தது, கண்ணுக்கு எதிரே இருந்ததைப் பார்க்காமல் அந்த ஆசையைப் பார்த்தேன், நீ என்னை மன்னிக்கத் தேவையில்லை என்றார். கைசர் ஜஹான் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

சந்திரம்மாள் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "எனக்கு அவங்க மேல கோவம் இல்லன்னு சொல்லுங்க டீச்சரம்மா. நான் கேட்டது அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா வந்திருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

கைசர் ஜஹான் சொன்னாள்.

"இப்ப நான் இன்னா சொன்னேன்னு அவங்கள திருப்பிச் சொல்லச் சொல்லுங்க."

"அப்படியேதான் சொன்னேன், சந்திரம்மா."

"நீங்க சொல்லியிருப்பீங்க. அவங்க திருப்பிச் சொல்லட்டும்."

எல்கம்மா திருப்பிச் சொன்னார். அதைக் கைசர் ஜஹான் தமிழில் சொன்னாள். சரியாக இருக்கிறது என்று சந்திரம்மாள் தலையாட்டினாள். அதன் பிறகு அவள் யாரிடம் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். ரேஷன் கடையில், பஸ்ஸில், கோயில் வாசலில். பைத்தியம் பிடித்திருக்கிறது என்று சிலர் சொன்னார்கள்.

காசியிடம் அவள் ஒரே ஒருமுறைதான் பேசினாள். சைக்கிள் கடையில் அவன் வளைந்த சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தான். சத்தம் போடாமல் கேட்டாள்.

"வேலூருன்னு சொன்னியா நீ?"

"ஆஸ்பத்திரின்னு சொன்னேன்கா."

"சீ வடியுதுன்னு?"

அவன் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வார்த்த தெரியலன்னா உட்டுட்டுப் போயேன். காதுலேர்ந்து பஞ்ச எடுத்து அவங்க கையில குடுத்திருக்கலாமே காசி. அதுக்கு இன்னா இங்கிலீசு வேணும்?"

போய்விட்டாள். கைசர் ஜஹான் அவ்வளவு சீக்கிரம் விடுகிற ஆள் இல்லை. அன்று மாலையே அப்பாவின் கடைக்கு வந்து, அவன் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"சீழுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

"தெரியும்ங்க."

"தெரியுமில்ல, சொல்லு."

"இப்ப வாயில வரல டீச்சரம்மா."

"தெரியலன்னு சொல்றதுக்கு இன்னா? எனக்கே பாதி வார்த்த தெரியாது. டிக்ஷனரி பாப்பேன், இல்ல கேப்பேன். அந்தம்மாவக் கேட்டிருந்தா அவங்களே சொல்லிக் குடுத்திருப்பாங்களே."

"நீங்க டீச்சரு. உங்களுக்குத் தெரியலன்னாலும் நீங்க டீச்சருதான். எனக்குத் தெரியலன்னா நான் பஞ்சர் ஒட்றவன்தாங்க."

கைசர் ஜஹான் ஸ்டூலை ஓரமாகப் போட்டுவிட்டுப் போனாள். என்ன பதில் சொல்லியிருந்தாலும் அது ஆதிலட்சுமிக்கு உபயோகப்பட்டிருக்காது.

எல்கம்மா அந்த வருஷக் கடைசியில் டென்மார்க் போனார், திரும்பி வரவில்லை. சந்திரம்மாள் வெள்ளைக்காரர் வீட்டு வேலையை விட்டுக் களையெடுக்கப் போனாள். காசி தொழிலை விடவில்லை. அவனை விடும்படி யாரும் சொல்லவும் இல்லை. புதிதாக வருபவர்களுக்குப் பழைய கதை தெரியாது. பழையவர்கள் அதைப் பேச விரும்பவில்லை, தாங்களும் அந்த வட்டத்தில் பூ வைத்தவர்கள் என்பதால். எண்பதுகளில் வரத்து இன்னும் ஜாஸ்தி. காசி வெள்ளை ஜிப்பா போட ஆரம்பித்தான், நற்சான்றுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினான். சீழுக்கு ஆங்கிலத்தில் என்ன என்பதை எங்கோ யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டான். அவன் வாழ்க்கையில் கேட்டுத் தெரிந்துகொண்ட ஒரே வார்த்தை. அதற்குப் பிறகு அது அவனுக்குத் தேவைப்படவில்லை.

திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகி, வேங்கிக்கால் பக்கம் அரசாங்கக் கட்டடங்களும் புது வீடுகளும் எழும்பத் தொடங்கியபோது ஆதிலட்சுமி அங்கே சித்தாள் வேலைக்குப் போனாள். மேஸ்திரி அவளைக் கூப்பிடுவதற்குச் சிறு கல் எறிவார். சொல்லி முடித்து, "புரிஞ்சுதா?" என்பார். அவர் வாய் மூடியதும் அவள் தலையாட்டுவாள். பள்ளிக்கூடத்தில் கற்றதில் அது ஒன்று அவளிடம் மிச்சம் இருந்தது.

நற்சான்று இன்றும் சட்டத்துக்குள் இருக்கிறது. பச்சை மை மங்கவில்லை. காசியை நேரில் அறிந்தவர்கள் எழுதக்கூடியது இவ்வளவுதான்: மகளின் காதைக் காப்பாற்றத் துணைக்கு வரும்படி சந்திரம்மாள் கேட்டதை அவன் எல்கம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னதாகச் சந்திரம்மாளிடம் சொன்னான்.